தொழில் தெரிந்த மாயக்கதைகள்: முத்துக்கரை வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை, தூத்துக்குடி மாவட்டக் கரையோர நூலகங்களின் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,



நூலகத்துக்கு என்ன வாங்கலாம் என்று பரிந்துரை எழுதுகிறவர்கள் நீங்கள். புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை அரங்கு அரங்காக அழைத்துப்போகிறவர்களும் நீங்கள்தான். அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' வரிசையின் 'இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முன்பே 'ஜுஜுட்சு கைசென்', 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்களை நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கதைகளின் ஓவியக்கதைப் புத்தகத்தை, ஜப்பானியர் மாங்கா என்று சொல்வதை, தேடிப் போனால் கடையில் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்புதான். கேட்பதற்குத் தமிழ், வாசிப்பதற்கு ஆங்கிலம் என்ற இந்தப் பிளவை நாம் இயல்பானதாக எடுத்துக்கொண்டுவிட்டோம். இது மாற வேண்டும், மாற்றத்தைக் கேட்கும் முதல் உரிமை இந்தக் கரைக்கு இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது. எந்தத் தொடர்களைக் கேட்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்மைக்கால மாங்காக்களிலும் மொழிபெயர்ப்பாக வரும் மாயக்கதைத் தொடர்களிலும் நிலைக்கக் கூடியவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. அவற்றின் மாயம் ஒரு தொழிலறிவின் மேல் நிற்கிறது. ரியோகோ குய் 2014 முதல் 2023 வரை வரைந்து 14 தொகுதிகளில் முடித்த 'டெலிஷியஸ் இன் டன்ஜன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவறைக்குள் சிவப்பு டிராகன் ஒன்று விழுங்கிவிட்ட தங்கையை மீட்க ஒரு குழு இறங்குகிறது. கையில் பணமில்லை, சோறில்லை. வழியில் கொல்லும் பூதங்களையே சமைத்துத் தின்றபடி கீழே போகிறார்கள். கேட்டால் வேடிக்கையாகத் தெரியும் இந்தக் கருவை ஆசிரியர் கடைசிவரை கறாராக நடத்துகிறார். எந்த உயிர் எதைத் தின்கிறது, ஒன்றை அளவுக்கு மீறி வேட்டையாடினால் எது பெருகும், ஓர் உடலில் எந்தப் பகுதி விஷம், எதை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று அந்த நிலவறைக்கு முழுமையான ஓர் உணவுச் சங்கிலியே இருக்கிறது. தானாக நடமாடும் போர்க்கவசம் ஒன்று வருகிறது. உள்ளே பேய் எதுவும் இல்லை, சிப்பி இனத்தைப் போன்ற உயிர்கள் கூட்டமாகப் பற்றிக்கொண்டு அதை நடத்துகின்றன என்று கண்டுபிடித்து அவற்றையும் சமைக்கிறார்கள். சங்குச் சதையும் சிப்பிச் சதையும் தெரிந்த கரையில் இந்தப் பக்கங்களை வாசிக்கும் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாது.

கமோமே ஷிராஹாமாவின் 'விட்ச் ஹாட் அட்டெலியே' (2016 முதல் வருகிறது) இதைவிட நுட்பமானது. அதில் மந்திரம் என்பது மை தொட்டு வரையும் ஒரு கோலம். வட்டம் மூடினால் வேலை செய்யும், கோடு கோணினால் விபரீதமாகும். மந்திரவாதிகள் பிறவியிலேயே சக்தி பெற்றவர்கள் என்று உலகம் நம்புகிறது. ஆனால் பேனா பிடிக்கத் தெரிந்த யாராலும் அதைச் செய்ய முடியும் என்பதுதான் அவர்கள் மறைத்துவைத்திருக்கும் ரகசியம். தையல்காரப் பெண்ணின் மகளான கோகோ தற்செயலாக அதைக் கண்டுகொள்கிறாள், அறியாமல் வரைந்த கோட்டால் தாய் கல்லாகிவிடுகிறாள். ஓர் அறிவு யாருக்குச் சொந்தம், அதை யாரிடமிருந்து மறைக்கலாம், மறைப்பதற்கு நியாயமான காரணமும் இருக்குமா என்ற கேள்விகளை இவ்வளவு அழகான கோடுகளில் கேட்ட படைப்பு சமீபத்தில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

இவற்றோடு 'சோலோ லெவலிங்'கை ஒப்பிட்டால் நான் சொல்வது விளங்கும். கொரிய எழுத்தாளர் சுகோங் இணையத்தில் எழுதிய நாவல் அது. பிறகு ஓவியத் தொடராக வந்து உலகெங்கும் புகழ் பெற்றது. ஓவியர் துபுவின் கை அசாதாரணமானது, சண்டைப் பக்கங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் கதாநாயகன் வளர்வது வெறும் எண்களில்தான். படி ஏற ஏற எதிரிகள் பெரிதாகிறார்கள், எதிரிகள் பெரிதாக அவன் இன்னும் ஒரு படி ஏறுகிறான். அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, கூட்டிக்கொள்கிறான். அதை விரும்பிப் பார்க்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நூலகத்தின் சிறு தொகையில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால் மட்டும், அது வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

கடல் சார்ந்த தொடர்களுக்கு வருகிறேன். எயிச்சிரோ ஓடா 1997இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' 110 தொகுதிகளைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பலம் வாள்வீச்சு என்று பலர் நினைக்கிறார்கள். கப்பலை நடத்துவதில்தான் அதன் பலம் இருக்கிறது என்பேன். காற்றும் நீரோட்டமும் மாறுவதை உடம்பில் உணரும் மாலுமிப் பெண் இல்லாமல் அந்தக் கதாநாயகனால் ஒரு தீவைக்கூடச் சென்று சேர முடியாது. அவர்களின் முதல் கப்பலின் ஏரா உடைந்துவிட்டது, இனிப் பழுதுபார்க்க முடியாது என்று கப்பல் கட்டும் ஊரில் தச்சர்கள் சொல்லும் அத்தியாயம் தொடரின் உச்சங்களில் ஒன்று. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிகளும் அவற்றின் தண்டல்களும் இன்னும் இருக்கிற தூத்துக்குடியில் அந்த அத்தியாயத்தின் கனம் சட்டென்று புரியும். மீன்மனிதர் தீவைப் பற்றிய பகுதியும் அப்படித்தான். அடிமையாக விற்கப்பட்டவர்களின் கோபம், அந்தக் கொடுமையை நேரில் காணாத அடுத்த தலைமுறைக்குப் போகும்போது வெறும் வெறுப்பாகத் திரிவதை ஓடா துணிச்சலாக எழுதியிருக்கிறார். குறைகளும் உண்டு. கதை அளவுக்கு மீறி நீள்கிறது. போகப் போகப் பெண் பாத்திரங்களை வரையும் விதமும் சலிப்பூட்டுகிறது, சில இடங்களில் கண்ணியக் குறைவாகவும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு ஒரு தொடரைப் பரிந்துரைப்பது சரியாகாது.

மகோட்டோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா' 2005இல் தொடங்கி 2025இல் முடிந்தது. பதினோராம் நூற்றாண்டின் வைக்கிங் கடலோடிகளைப் பற்றிய கதை. பழிவாங்கத் துடிக்கும் சிறுவனாக அறிமுகமாகும் தோர்ஃபின் அடிமையாகி, ஒரு பண்ணையில் மரம் வெட்டி, வேர் பிடுங்கி, மண்ணைப் பண்படுத்திக் கோதுமை விளைவிக்கும் இடத்தில்தான் மனிதனாகிறான். சண்டைக்காக வாசிக்க வந்தவர்கள் பலர் அங்கே பொறுமையிழந்தார்கள். எனக்கோ தொடரின் இதயம் அந்தப் பண்ணைதான். ரத்தம் நிறைந்த படைப்பு என்பதால் மேல்நிலை வகுப்புகளுக்கும் அதற்கு மேலும் மட்டும் இதைத் தரலாம்.

எழுத்து வடிவிலான மாயக்கதைகளில் ஜப்பானின் நஹோகோ உயெஹாஷியின் 'மொரிபிடோ' வரிசையைச் சொல்ல வேண்டும். அவர் மானுடவியல் பயின்றவர், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே ஆய்வு செய்தவர். கூலிக்குக் காவல் காக்கும் பால்ஸா என்ற ஈட்டிக்காரியின் கதையில் நீர்த்தெய்வமும் அரசவையும் மலைவாழ் மக்களின் மறந்துபோன நம்பிக்கையும் பின்னிக் கிடக்கின்றன. அரசவை எழுதிவைத்த வரலாறும், ஆளப்பட்டவர்கள் வாய்வழியாகக் காத்த நினைவும் முரண்படும்போது எது உண்மை என்பதே கதையின் முடிச்சு. 2014இல் உயெஹாஷிக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. இருந்தும் அந்த நீண்ட வரிசையில் ஆங்கிலத்துக்கு வந்தவை முதல் இரண்டு நூல்களே. ஆங்கிலம் தெரிந்தால் உலகம் முழுவதும் கைக்குள் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம். 1292ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்திருப்பதைப் பாருங்கள். குளிப்பவர்களைப் பெருமீன்கள் தாக்காமலிருக்க அவற்றை மந்திரத்தால் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு அந்த மந்திரக்காரர்களுக்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்கள், கள்ளத்தனமாக யாரும் குளிக்க முடியாதபடி. நிலவறைப் பூதங்களுக்கு உணவுச் சங்கிலி வகுத்த ரியோகோ குய் இதைக் கண்டால் விடமாட்டார். மந்திரத்துக்கு இங்கே கூலி இருக்கிறது, நேரம் இருக்கிறது, காவலுக்கான காரணமும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலும் இந்தச் சுறாக்கட்டும் மனிதருக்கு அரசுச் செலவில் ஊதியம் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சுற்றியிருந்த தொழிலைப் பாருங்கள். இரவில் கரைக்காற்றில் புறப்படும் வள்ளங்கள் விடியலில் சிப்பிப் படுகையான பாரை அடையும். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி ஒருவர் இறங்க, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரின் கவனத்தில்தான் அவர் உயிர் இருக்கும். ஒரு மூச்சு, பல பாகம் ஆழம், கைக்கு எட்டிய சிப்பி. பிறகு கடற்காற்றில் கரை திரும்பிக் குவியலைப் பங்கிட்டால், ஆங்கிலேயர் ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போனது. சில காலங்களில் ஆண்டுக்கணக்காகப் பார்களில் சிப்பியே இல்லாமல் போகும், ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு. கொற்கையில் குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாக ஒரு கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்வதையும் சேர்த்தால், ஒரு பெரும் மாயக்கதை உலகத்துக்கு வேண்டிய சட்டமும் அச்சமும் அநீதியும் பேராசையும் ஆயத்தமாகவே இருக்கின்றன.

மாங்காவுக்கும் நம் கரைக்கும் உள்ள இந்தத் தொடர்புக்கு இன்னொரு முனையும் உண்டு. டைசுகே இகராஷியின் 'சில்ட்ரன் ஆஃப் தி ஸீ' ஐந்து தொகுதிகள் கொண்ட மாங்கா. அதில் உமி, சோரா என்ற இரு சிறுவர்கள் வருகிறார்கள். அவர்களை வளர்த்தவை கடல்பசுக்கள், நம் கரையில் ஆவுளியா என்று சொல்கிறோமே, அவை. உலகக் கடல்களில் மீன்கள் காணாமல் போவதும் கடலின் பிறப்பைப் பற்றிய ஒரு மர்மமும் கதையை நகர்த்துகின்றன. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆவுளியா அருகிப்போய், 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் சில நீருக்குள் போய்விட்டன. இகராஷி வரைந்த கடலின் ஓவியங்களைப் பார்க்கும்போது, இது எங்கோ இருக்கும் தூரக் கடல் என்று தூத்துக்குடிப் பிள்ளை நினைக்கக் காரணமே இல்லை. ஜப்பானுக்கும் இந்தக் கரைக்கும் உறவு புதிதுமல்ல. 1893இல் அங்கே மிக்கிமோட்டோ தொடங்கிய வளர்ப்பு முத்து உலகின் இயற்கை முத்துச் சந்தையையே புரட்டிப்போட்டது. 1973இல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அந்தக் கலையை இங்கே வசப்படுத்தினார்கள். முத்தை வளர்க்கக் கற்றுக்கொண்ட ஊர், கதையை வளர்க்கவும் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் ஏன் தமிழில் கேட்க வேண்டும், ஆங்கிலத்தில் வாங்கிப்போட்டால் போதாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். புத்தகம் வீட்டில் யார் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆங்கில மாங்காவை வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் வாசிக்கும். தமிழில் இருந்தால் கடலில் வேலை செய்த தாத்தாவும், மீன் விற்கும் அம்மாவும் அதைப் புரட்டுவார்கள், தப்பு கண்டுபிடிப்பார்கள், சண்டை போடுவார்கள். அந்த உரையாடலில்தான் பிள்ளைக்குத் தன் வீட்டு அறிவு கதைக்கு உதவும் பொருள் என்பது தெரியவரும். இதற்கு நம் வரலாறே சான்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல். அது போர்ச்சுகீசிய மூலத்தைத் தழுவிய மொழிபெயர்ப்பு. அதைத் தமிழாக்கிய ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் நெடுங்காலம் வாழ்ந்தது புன்னைக்காயலில். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். 1586இல் அதே மனிதர் புனிதர்களின் அற்புத வரலாறுகளை 'ஃப்ளோஸ் சாங்க்டோரம்' என்ற பெருநூலாகத் தமிழில் கொண்டுவந்தார். கடலுக்கு அப்பாலிருந்து வந்த கதைகளைத் தங்கள் மொழியில் அச்சிட்டு வாசிக்கத் தங்கள் பணத்தைச் செலவழித்தவர்கள் நம் கரையின் மக்கள். நாம் கேட்பது புதிய சலுகை எதுவுமல்ல.

நம் எழுத்தாளர்களை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கதைகள் எதற்கு என்பது அடுத்த தடை. இதை நான் மதிக்கிறேன். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை' ஆகியவை நூலக அலமாரியில் முதல் வரிசையில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு மொழியின் கதைகள் வெளிக்காற்று படாமல் வளர்ந்ததில்லை. ஸ்காட்டையும் டூமாவையும் வாசித்த தலைமுறையிலிருந்துதான் கல்கி வந்தார். 1947இல் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகத் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் மாயத் தொடர்கள் தெலுங்கிலிருந்து வந்தவையே. அவற்றை அந்நியம் என்று எந்த வீடும் தள்ளவில்லை. நம் கரையின் யதார்த்த நாவல்கள் கடலறிவைச் சேர்த்துவைத்திருக்கின்றன. அந்த அறிவை ஓவியக்கதையாகவும் மாயக்கதையாகவும் மாற்றும் நுட்பம் இந்தத் தொடர்களில் இருக்கிறது. இரண்டையும் ஒரே அலமாரியில் வாசிக்கும் பிள்ளையே மூன்றாவதொன்றை எழுதும்.

நீண்ட தொடர்களை யார் தமிழில் போடுவார்கள், யார் வாங்குவார்கள் என்ற சந்தேகத்துக்குப் பதில் பக்கத்திலேயே, சிவகாசியில் இருக்கிறது. 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் ஐரோப்பியத் தொடர்களைத் தமிழில் தந்துவருகின்றன. இரும்புக்கை மாயாவியை அறியாத பழைய வாசகர் உண்டா? 'தோர்கல்' என்ற வைக்கிங் மாயக்கதையும் தமிழில் வந்திருக்கிறது. 2010இல் 'ரத்தப் படலம்' தொடரின் 18 பாகங்களை ஒரே தொகுப்பாக 800 பக்கங்களுக்கு மேல் கொண்டுவந்தபோது வாசகர்கள் முன்பணம் கட்டி வாங்கினார்கள். முன்பதிவு என்பது செத்துப்போன வழிமுறையல்ல. வாசகர் வட்டங்கள் சேர்ந்து இத்தனை பிரதிகள் நிச்சயம் என்று எழுத்தில் கொடுத்தால் ஒரு பதிப்பாளர் உரிமை கேட்டு ஜப்பானுக்குக் கடிதம் எழுதத் தெம்பு வரும். முன்னேற்பாடில்லாத ஆர்வம் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. யுகிச்சி யமாமட்சு என்ற மாங்கா ஓவியர் ஒரு மாங்காவை இந்தியில் மொழிபெயர்க்கச் செய்து அச்சடித்து டெல்லித் தெருக்களில் தானே விற்கப் பார்த்துத் தோற்றார். அந்த அனுபவத்தை அவர் வரைந்த நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். அவருக்கு உழைப்பு குறையவில்லை, முன்கூட்டியே காத்திருக்கும் வாசகர் கூட்டம்தான் இல்லை. அந்தக் கூட்டத்தை நீங்கள் திரட்ட முடியும்.

மாங்கா வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டியது, தமிழ் வாசகருக்குக் குழப்பும் என்று அச்சகத்தார் சொல்வார்கள். பக்கத்தைத் திருப்பி அச்சிட்டால் எல்லா மனிதர்களும் இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள், ஓவியர் அமைத்த பார்வை ஓட்டமும் குலையும். அதைத் திருப்பத் தேவையில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் நூல்கள் எழுதி வாசித்த தலைமுறைகள் இருந்திருக்கின்றன. தமிழையே வலமிருந்து இடமாக வாசித்த கரை இது. இங்கே மாங்கா படிக்கும் பிள்ளைகளோ பத்து நிமிடத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

வன்முறை, ஆபாசம் பற்றிய பெற்றோரின் கவலை நியாயமானது, அதற்கு நான் முழு ஆதரவு. வயதுவாரியாகப் பிரித்து அடுக்குங்கள், பெண் உடலைக் காட்சிப் பொருளாக்கும் தொடர்களைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள். நூலகர் தேர்ந்து அடுக்கிய அலமாரி இல்லாத இடத்தில், பிள்ளைகளுக்குக் கைப்பேசி எல்லாவற்றையும் வடிகட்டாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் முன்வைக்கும் வேலை சிறியது. நூறு தொகுதித் தொடரில் கைவைக்க வேண்டாம். ஐந்தே தொகுதிகளில் முடிந்த 'சில்ட்ரன் ஆஃப் தி ஸீ'யை முதலில் கேட்போம். அதன் பின் 'டெலிஷியஸ் இன் டன்ஜன்', 'விட்ச் ஹாட் அட்டெலியே'. எழுத்து நூல்களில் 'மொரிபிடோ', அதுவும் ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாக. தமிழ் நூல்களை உலகுக்குக் கொண்டுபோக 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும்போது எதிர்த் திசையிலும் உரிமை பேசலாம். உங்கள் வட்டங்களின் கையெழுத்தோடு, முன்பதிவுப் பட்டியலோடு, சிவகாசி, சென்னைப் பதிப்பாளர்களுக்கு ஒரு கூட்டுக் கடிதம் போகட்டும். கடல் வரும் இடங்களைச் சரிபார்க்கத் திரேஸ்புரத்துச் சங்குகுளித் தொழிலாளர்களில் இருவர் மொழிபெயர்ப்பாளருடன் உட்கார வேண்டும், அவர்களுக்கு உரிய ஊதியமும் நூலில் பெயரும் தரப்பட வேண்டும் என்பதை அந்தக் கடிதத்தில் ஒரு நிபந்தனையாகவே எழுதுங்கள்.

அன்புடன்,
கரையோர வாசகர் ஒருவர்